அல்சூர் ஏரியில் நீந்திய குதிரைகள்: மர்பி டவுன் முதல் ஃபிரேசர் டவுன் வரை

பெங்களூரு வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. போன சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, மர்பி டவுன்வாசியான அடியேன், யாரும் எழுப்பாமலேயே எழுந்து குளித்தும் முடித்தேன்.

காரணம் ஸ்டெல்லா அக்கா, பெரியம்மா மகள், ஆம்பூர். ஃபிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் வேலைக்கு பத்தரைக்கு நேர்காணல். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் திரும்பவும் ஷூ கம்பெனி ஆபீஸ்தான். ஆட்டோவே வேண்டாம், வழிநெடுக வரலாறும் சொல்கிறேன் என்று நான்தான் பொறுப்பேற்றேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மர்பி டவுனின் சின்னச் சின்ன வரிசை வீடுகள் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. அங்கிருந்து ஏரிக்கரை ஒரு கிலோமீட்டர், நடந்தால் பதினைந்து நிமிடம். ஏரிக்கு நடுவே தீவுகள் உண்டு. அது என்ன என்று அக்கா கேட்டாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளைக்கார சோல்ஜர் குதிரைங்களுக்கு நீச்சல் கத்துக்குடுக்கத்தான் இந்த ஏரியையே வெட்டுனாங்கக்கா. மூச்சு வாங்குற குதிரை அந்தத் தீவுல ரெஸ்ட் எடுக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். சும்மா விட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், பஸ் வந்துவிட்டது.

டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். பெண்களுக்கு இலவசம்தானே என்று அக்கா ஆதாரை நீட்டினாள். கண்டக்டர் திருப்பிப் பார்த்தார்.

"ஆம்பூரா? பிரியாணின்னா ஃப்ரீயா விடலாம். பஸ்ஸுக்கு கர்நாடகா அட்ரஸ் பேக்கும்மா." (பேக்கு என்றால் கன்னடத்தில் வேண்டும்.)

இரண்டரை கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். சனிக்கிழமை டிராஃபிக்கை நம்பாதீர்கள். ஃபிரேசர் டவுன், ஊரில் பிளேக் பரவிய பிறகு, நெரிசலில்லாமல் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய பகுதி. மசூதி சாலைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டும்போது காற்றில் ஓடியது கபாப் வாசனைதான்.

பத்தே காலுக்கு உள்ளே போன அக்காவை ஏழாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு: நம் பகுதியின் வரலாறு. நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். "மிஸ், குதிரைக்கு ஸ்விம்மிங் டிரெஸ் உண்டா?" என்று ஒரு பையன் கேட்டது காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆயா வந்து தலைமையாசிரியை கூப்பிடுவதாகச் சொன்னார். நிமிர்ந்த தலையோடு உள்ளே போனேன்.

"இந்தக் குதிரைக் கதை எந்தப் புக்குல இருக்கு? 'என் தம்பி இங்கயே பொறந்தவன், அவனுக்குத் தெரியும்'னு உங்கக்கா சொல்றாங்க."

"எந்தப் புக்குலயும் இல்ல மேடம். நான் விட்ட கதை."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "மேடம், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று வகுப்புக்குத் திரும்பினாள். "நான் இப்ப சொன்னது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். இந்த ஏரி வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இருந்துச்சா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லுங்க" என்றாள். பழைய வரைபடம், கோயில் கல்வெட்டு என்று கைகள் உயர்ந்தன. மணி அடித்தும் பிள்ளைகள் எழவில்லை. (முன்னாடியே இருந்தது. அக்கா அன்றைக்கே தேடிவிட்டாள்.)

திங்கட்கிழமை போன் வந்தது. ஜூனில் சேரச் சொல்லிவிட்டார்கள். தம்பியை மட்டும் பள்ளிப் பக்கம் கூட்டிவர வேண்டாமாம்.

போகிறவர்களுக்கு: பத்தரைக்கு வேலை என்றால் எட்டரைக்கே கிளம்புங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரன் சொல்வதை, குறிப்பாகப் பதினேழு வயதுக்காரன் சொல்வதை, இன்னொருவரிடமும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நிமிர்ந்த தலையோடு போனேன் என்று எழுதினேன் அல்லவா? ஆயா கூப்பிட்டதும் முதலில் ஓடியது பள்ளி வாசல் கேட்டுக்கு. வாட்ச்மேன் பூட்டி வைத்திருந்தார். சட்டைக் காலரைப் பிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான்.