குதிரைகள் ஓடிய பிற்பகல்

தாராவியில் இசக்கிதுரையின் வேலை பழைய பிளாஸ்டிக்கை இனம் பிரிப்பது. துண்டைச் சிமெண்டுத் தரையில் தட்டிக் கேட்பார். ஓசையில் சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். வேறு இனத்தில் ஒரு துண்டு கலந்திருந்தாலும் முழு மூட்டையும் ரிஜெக்ட். இருபத்தாறு வருடத்தில் அவர் கட்டிய மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எதிரே உட்கார்ந்து பிரிக்கும் மனைவி முத்துமாரிக்கும் அதே காது.

மழைக்காலத்தில் ஒரு நாள், கல்யாண் பக்கமிருந்து வந்த மூட்டைக்குள் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. இசக்கிதுரையின் வலது கையில் கடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை; விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. இடது கையில் ஊசி குத்தி விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

“குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கிற மருந்து, அண்ணாச்சி,” என்றாள் நர்ஸ் ஸ்வீட்டி, தமிழர்கள் நிறைந்த மும்பை ஆண்டாப் ஹில்லில் வளர்ந்தவள். “சிலருக்கு ஒத்துக்காது. அரிச்சா, குளிர்னா, மூச்சு முட்டினா உடனே சொல்லணும். சமஜ் கயா, புரிஞ்சுதா?”

“குதிரையா? அதான் இம்புட்டு வேகமா ஓடுதாக்கும்.”

கண்கள் செருகின. சொட்டுகள் விழும் தாளத்தில் குளம்படி கேட்டது. ஈரக் கடற்கரையில் வெள்ளைக் குதிரைகள் வந்தன. கை வழியே ஏறித் தோளுக்கு ஓடின. ஓடிய இடமெல்லாம் மணல் பறந்து உடம்பில் ஒட்டியது. மணல் அரித்தது.

அது மணல் இல்லையென்று அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் விஷம்தான் மிஞ்சும். முதுகை மெத்தையில் மெல்லத் தேய்த்துக்கொண்டார்.

“ஏங்க, அரிக்குதா?” கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்திருந்த முத்துமாரி கேட்டாள்.

“ஒண்ணுமில்லட்டி. குதிரைய வேடிக்க பாக்கேன்.”

அவள் நிமிர்ந்தாள். விரிசல் விட்ட வாளியைத் தட்டினாற்போல் இருந்தது அவர் குரல்.

“இன்னொரு வாட்டி பேசுங்க.”

பேசினார். இன்னும் கரகரத்தது. சட்டையை விலக்கினாள். மார்பெங்கும் சிவந்த தடிப்புகள்.

“சிஸ்டர்! இவுக கொரல் இவுக கொரலே இல்ல!”

ஸ்வீட்டி ஓடி வந்து மருந்தை நிறுத்தினாள். தொடையில் ஊசி இறங்கியது. குதிரைகள் பாதி வழியில் அசையாமல் நின்றன. காற்றில்லாத கடற்கரை. பிறகு எங்கோ தொலைவில் ஓர் அலை புரண்டது; மூச்சு வந்தது.

சொட்டாமல் தொங்கிய மருந்துப் பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. “அப்போ நான் ரிஜெக்டா, சிஸ்டர்?”

“யாரு சொன்னா? நிறுத்துவோம், ஊசி போடுவோம், உடம்பு சரியானதும் மெதுவா மறுபடி ஏத்துவோம். நீங்க மறைச்சதுதான் ஆபத்து.”

“என் காதுக்கே கள்ள மூட்டை கட்டப் பாத்தியளோ?” என்றாள் முத்துமாரி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சற்று நேரம் கழித்து மருந்து மறுபடி இறங்கியது. இம்முறை குதிரைகள் நடந்தே வந்தன. இசக்கிதுரை கண்ணை மூடவில்லை.

“சிஸ்டர், காதோரமா லேசா அரிக்கு.”

ஸ்வீட்டி குனிந்து பார்த்தாள். “அது கொசு, அண்ணாச்சி.”