விற்காத வாத்துகள்

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை எங்கள் கொட்டகையில் நான்கு வாத்துகள் செத்துக் கிடந்தன. எங்கள் ஊரான கிள்ளைப் பக்கம் வாத்து சாகத் தொடங்கினால், மிச்சத்தை அன்றே சந்தைக்கு ஏற்றிவிடுவதுதான் வழக்கம். செய்தி கேட்டதும் என் மனைவியின் தம்பி கூண்டு ஏற்றிய வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, நல்லா இருக்குறத இப்பவே சிதம்பரத்துல தள்ளிடலாம். நாளைக்கு இதுவும் கவுந்துட்டா என்னா பண்ணுவீங்க?"

நான் போனை எடுத்தேன். பறவைக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் ஒரு பெண் விஞ்ஞானி, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாதந்தோறும் வந்து எங்கள் வாத்துகளின் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துப் போகிறார். ஒன்று செத்தாலும் விற்காமல் தனக்குச் சொல்லும்படி கேட்டிருந்தார்; விற்றால் நோயும் கூடவே போகுமாம்.

"அந்தம்மாவுக்கா போன் போடுறீங்க? எல்லாத்தையும் குழியில போட்டு மூடிடுவாங்க. அக்கா கறி கேட்டப்பகூட அறுக்க வுடாம வளர்த்தீங்களே!"

"மூடட்டும்டா. நோயக் கூண்டுல ஏத்தி அனுப்ப மாட்டேன்."

கொட்டகைக் கதவின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே வெறும் கூண்டோடு போனான். மாலையில் விஞ்ஞானி வந்து மாதிரி எடுத்தார். முடிவு இன்னும் வரவில்லை.

மறுநாள் இன்னும் இரண்டு செத்தன. மைத்துனன் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அவை என் கொட்டகையில்தான் செத்தன, சிதம்பரத்தில் யார் வீட்டுக் கொல்லையிலும் இல்லை.