ஏழாவது கேள்வி

போன கிழமை கொக்குவில் புகையிரதக் கடவைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். தூக்க ஓடியவர்களை மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் மறித்தார். "ஒருத்தரும் தூக்காதேங்கோ. முதுகெலும்பிலை அடிபட்டிருக்கும்." அவளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அறுபதுகளில் இதைச் சொல்ல இங்கே ஆளில்லை. அப்போது நான் முள்ளந்தண்டுக் காயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சைக்கிள், ஒரு கட்டுக் கேள்வித்தாள், ஆய்வுகூடத்தில் நாலு தவளை. உடம்பில் எந்நேரமும், தவளையைக் கெடாமல் வைக்கிற போமலின் மணம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழும்பிப் போய்விடுவார். எனக்கு மருந்து எழுதத் தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும், போன வீடுகளில் "டொக்டர்" என்று கூப்பிட்டுப் புண்ணையும் கட்டியையும் காட்டுவார்கள். நானும் ஒரு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

அந்த மணத்தை நினைத்தால் கரவெட்டித் தோட்டக் கிணறுகளும் கூடவே வருகின்றன. தண்ணீர் இறைக்க ஆட்கள் துலாவின், அந்த நீண்ட ஏற்ற மரத்தின், மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்த காலம். கயிறு அறுந்தால் துலா உதறும், நடப்பவர் விழுவார். விழுந்தவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நிலத்தில் கிடத்துவது செத்தவருக்குச் செய்கிற வேலை என்பது அவர்கள் எண்ணம். பலருக்கு விழுந்தபோதல்ல, அந்த ஓட்டத்தில்தான் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம், முண்ணாண், நசிகிறது என்பது என் சந்தேகம். அதைப் பிடிக்கத்தான் தாளில் ஏழாவது கேள்வியைப் போட்டேன்: தூக்குவதற்கு முன் காலை அசைத்தாரா? அந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட. தூக்கியவரும் பக்கத்திலேயே இருப்பாரே என்று யோசிக்கவில்லை.

கரவெட்டியில் ஒரு வீட்டில், துலாவிலிருந்து விழுந்த சின்னராசா கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தூக்கி ஓடியவர் தமையன் கதிரவேலு. அவரே எனக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

"ஓம்," என்றார் கதிரவேலு. "காலை மடக்கி எழும்பப் பாத்தவன். நான்தான் பேசாமல் கிட எண்டு தோளிலை போட்டுக்கொண்டு சந்திமட்டும் ஓடினனான். ஏன் கேக்கிறியள்?"

"சிலருக்குத் தூக்கேக்கைதான்..." என்று தொடங்கிவிட்டேன். பிறகுதான் வாயை மூடினேன். மடையன் வேலை. அவர் முகம் வெளிறிப்போனது.

கட்டிலிலிருந்து சின்னராசா சொன்னார்: "அண்ணைக்கு விளங்கேல்லை, ஐயா. விழுந்த உடனையே எனக்குக் கால் செத்துப்போச்சு. இல்லை எண்டு எழுதுங்கோ."

கதிரவேலு வெளியே போனார். தம்பி குரலைத் தணித்தார். "அவர் இனிச் சாப்பிட்டு நித்திரை கொள்ள வேணுமெல்லோ."

எனக்கு வேண்டிய பதில் "ஓம்". அப்படி ஒன்றைத் தேடித்தான் ஊரூராகச் சைக்கிள் மிதித்தேன். "இல்லை" என்று எழுதினேன். ஆராய்ச்சிக்காரன் செய்யக் கூடாத வேலை. அன்றைக்கு எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை.

அடுத்த வருசம் கதிரவேலு ஆய்வுகூடத்துக்கு வந்தார். படுக்கைப் புண் முற்றித் தம்பி செத்துப்போய் முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது என்றார்.

"அண்டைக்கு என்ன எழுதினனீங்கள்?"

"இல்லை எண்டு."

"அவன் எனக்காண்டிச் சொன்ன பொய் அது. எனக்கு அண்டைக்கே தெரியும். நம்பினமாதிரி இருந்திட்டன், அவனுக்கு அது ஆறுதலா இருந்தது. இப்ப அவன் இல்லை. மாத்துங்கோ. இனி விழுறவனையாவது தூக்காமல் விடட்டும்."

தாளைத் தேடி எடுத்து, "இல்லை"யை வெட்டி "ஓம்" என்று எழுதினேன். தூக்கியவர் என்ற இடத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இந்த இடத்தைவிட்டுப் போய், பல வருசம் கழித்துத் திரும்பியபோது தாள்கள் இருந்த கட்டடமே போரில் இல்லாமல் போயிருந்தது. துலாக்கள் அதற்கு முன்பே போய்விட்டன, கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் இறைக்கிற மிசின். முந்தாநாள் கரவெட்டிக்குப் போய்க் கதிரவேலுவைப் பற்றி விசாரித்தேன். தோட்டத்தில் வெங்காயம் பச்சையாக நின்றது. தம்பியை முடமாக்கியவன் என்று தன் பெயரைத் தானே எழுதுவித்த மனிதர். அப்படி ஒருவர் அங்கே இருந்ததாக ஒருவருக்கும் தெரியவில்லை.