மாற்றி வாசித்த பக்கம்

செத்தல் மிளகாயை நெருப்பில் போட்டு முகத்துக்கு நேரே பிடித்தால் முதலில் எரிவது கண் அல்ல, தொண்டை. பன்னிரண்டு வயதில் நான் அறிந்துகொண்டது இது. "பெரிய பிள்ளை" ஆனதும் ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்து வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். நான் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தேன். "புள்ளைக்குக் காத்துக் கறுப்பு பட்டிட்டு" என்று பெரியவர்கள் முடிவுகட்டிப் பூசாரியாரை அழைத்து, கையைக் கட்டி, மூன்று நாள் மிளகாய்ப் புகை காட்டினார்கள். நான்காம் நாள் புகைக்குப் பயந்து சாப்பிட்டேன். பேய் போய்விட்டது என்று அயலுக்கெல்லாம் சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகத்தான் ஏங்கினேன் என்பதை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அந்த வயதின் வேதனையையும் கதையாக எழுதுவார்கள், படமாக எடுப்பார்கள் என்பது எனக்கு வயது போன பிறகுதான் தெரியும்.

சுனாமியில் செட்டிபாளையத்துக் கரையில் என் கடைசித் தங்கை போனாள். அவள் மகள் சுகந்தியோடு நான் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தேன். பதினான்கு வயதுப் பிள்ளை, ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. தலைமயிரைப் பிடுங்கிப் பிடுங்கி உச்சி வெளித்துவிட்டது. பக்கத்துப் பாய்ப் பூமணியக்கா விடவில்லை. "இது கடலில செத்ததுகள் பிடிச்ச குணம் கா. புகை போடாட்டி இந்தப் புள்ள உனக்கில்ல" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை பூசாரியாரைக் கூட்டிவரச் சொன்னேன். ஓம், நானேதான் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் நிவாரணத் துணி மூட்டைக்குள் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டை கிழிந்திருந்ததால் அதன் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. தகப்பன் இறந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்ட ஒரு பெண்பிள்ளையின் கதை. பின்னேரங்களில் நான் எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பேன். சுகந்தி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பாள். எழுதியவர் லேசான ஆள் இல்லை. அந்தப் பிள்ளை ஏன் அப்படி இருக்கிறாள் என்று ஒரு இடத்திலும் விளக்கவில்லை, அவளைப் பைத்தியம் என்று சொல்லவுமில்லை. அவள் பக்கத்தில் நம்மை இருத்திவிட்டு, தான் விலகி நின்றுகொள்கிறார்.

வியாழக்கிழமை வாசித்த பக்கத்தில், மாமிக்காரி அந்தப் பிள்ளையை அறைக்குள் போட்டுப் பூட்டி அடிக்கிறாள். அதை நான், மாமி அவளை மடியில் கிடத்தித் தலையைத் தடவினாள் என்று மாற்றி வாசித்தேன்.

"பொய் சொல்லாதீங்க பெரியம்மா."

சுகந்தியின் குரல்! திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அடிச்சவ. பூட்டிப்போட்டு அடிச்சவ. நீங்க அரிசிக்கு வரிசையில நிக்கக்குள்ள நான் முழுக்க வாசிச்சிட்டன்."

"எனக்கு அத வாசிக்க ஏலாது புள்ள."

"ஏன்?"

நாற்பத்து நான்கு வருடம் ஒருவருக்கும் சொல்லாத புகைக் கதையை அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நாளைக்கு எனக்கும் அதுதானே?" என்றாள். பூமணியக்கா பேசியதையெல்லாம் பாயில் கிடந்தபடியே கேட்டிருக்கிறாள்.

விடிய எழும்பிப் பூமணியக்காவிடம் போனேன். "பூசாரியார வரவேணாமெண்டு சொல்லுங்கக்கா. இவளுக்குப் பேயில்ல, தாய்தான் இல்ல."

"படிச்ச மனுசி கதைக்கிறா, கேளுங்க!" என்றார் அவர்.

"ஓம். அஞ்சாம் வகுப்பு" என்றேன்.

பூசாரியார் வரவில்லை. பிறகு யுத்தச் சண்டையில் மறுபடி இடம்பெயர்ந்து ஓடியபோது புத்தகம் தொலைந்தது. சண்டை முடிந்த வருடம் சுகந்தி உயர்தரப் பரீட்சை எழுதினாள். இப்போது அவள் தன் போனில் இப்படிப் பேச்சை நிறுத்திய பிள்ளைகளின் படங்களைத் தேடிப்பிடித்துக் காட்டுவாள். கடைசியில் ஒரு டாக்டர் வந்து நாலு வார்த்தை சொல்ல எல்லாம் சரியாகிவிடும் படங்களுக்கு நான் எழும்பிப் போய்விடுவேன். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டதும், கதவுக்கு வெளியே பொறுமையாகக் காத்து நிற்கும் படங்கள் சில உண்டு. அவற்றை எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முகாம் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். நாங்கள் பாய் விரித்த மூலையில் இப்போது பிள்ளைகள் மேசை வாங்கு போட்டு உட்கார்ந்து படிக்கிறார்கள். பூமணியக்காவும் இல்லை. சுகந்திக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கடல் வந்த மார்கழி பிறந்தால் அவள் முகம் இருளும். ஆனால் இப்போது அறைக்குள் போகுமுன் நான் சமைக்கிற குசினி வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்: "பெரியம்மா, ரெண்டு நாளைக்குக் கதைக்க மாட்டன். பயப்பிடாதீங்க."