மாமா பட்டி பார்த்த கதவு

பெரிய மனுஷி ஒருத்தி எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். துஷ்டி வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

ஷார்ஜாவில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய வீடு அது. சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளக்கல், மற்றதெல்லாம் மரம். தூண், சன்னல், மாடித் தாழ்வாரம் எல்லாம் எந்தக் காலத்திலோ படகில் வந்து இறங்கியவை. அப்பா வேலை பார்த்த துணிக்கடையின் அரபி முதலாளிக்குச் சொந்தம். அவர் குடும்பம் புது வில்லாவுக்குப் போனபிறகு கீழே இரண்டு அறைகளை எங்களுக்குக் கொடுத்திருந்தார். மழை வந்தால் கூரையிலிருந்து மண் கொட்டும். அம்மா அந்தக் கூரையை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், ஆனால் வீடு போய்விடக் கூடாதே என்ற பயம் அவளுக்குத்தான் அதிகம். அப்பாவின் சம்பளத்தில் வேறு வீடு எடுக்க முடியாது. இது போனால் நானும் அம்மாவும் ஊருக்கு, அப்பா பேச்சுலர் ரூமுக்கு. இதைப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போது அப்பா ஒரு சேதியோடு வந்தார். எங்கள் தெருவில் எந்த வீட்டை இடிப்பது, எதைக் காப்பாற்றுவது என்று பார்க்க அரசாங்கத்து ஆட்கள் வருகிறார்களாம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் இருந்துகொண்டு புதுக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பட்டி பார்ப்பதில், அதாவது மாவு பூசிச் சுவரின் பள்ளம் மேட்டையெல்லாம் வழவழப்பாக்குவதில், தன்னை மிஞ்ச துபாயிலேயே ஆள் இல்லை என்று அவரே சொல்லுவார். வெள்ளிக்கிழமை லீவில் வந்தவர் எங்கள் வாசல் கதவைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா இது, கதவு பூரா குண்டும் குழியுமா கெடக்கு! இதப் பாத்தா இடிக்கத்தான சொல்லுவானுவ?"

"குழி இல்லலே, அது பூ."

"பூவோ காயோ, பளபளன்னு நின்னாத்தான்க்கா மதிப்பு. நீ போயி டீயப் போடு."

கதவு முழுக்கச் செதுக்கியிருந்த நட்சத்திரப் பூக்களும் ஈச்சங்குலைகளும் மாவுக்குள் போயின. மாமா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே காப்பிக் கலரில் எனாமல் பெயின்ட். முடிந்தபோது பேங்கு கதவு மாதிரி இருந்தது. அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். மாமாவைப் பாராட்டியே அறியாத அப்பாகூட, "பரவால்ல, வேலைக்காரன்தான்" என்றார்.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு அரபி அதிகாரியும் ஒரு ஆப்பிரிக்கப் பெண்மணியும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய நகரத்தில் மர வீடுகளை இடிபடாமல் காப்பாற்றியவராம். எங்கள் கதவின் பழைய போட்டோ ஒன்றைக் கையில் வைத்திருந்தார். போட்டோவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோலத் தெருவைப் பார்த்தார். பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்தார்.

"யே கிஸ்னே கியா?" யார் செய்த வேலை என்று அதிகாரி இந்தியில் கத்தினார்.

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். "ஹம் கியா, பாய்!"

அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமாவின் சிரிப்பு நின்றது. "நல்லா இல்லியாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. போச்சு, இடிக்கப்போகிறார்கள் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்மணி எழுந்து, ஒரு சின்னக் கத்தியால் கதவின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது, மாவு உதிர்ந்தது, அடியில் ஒரு பூவின் நுனி முழுசாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அந்த அதிகாரி அப்பாவின் தோளில் தட்டி, வீட்டை இடிக்க மாட்டார்கள், பழையபடி ஆக்கி, மியூசியமாக ஜனங்கள் வந்து பார்க்கும்படி வைப்பார்கள் என்றார். எனக்கு அந்த அளவுக்கு இந்தி தெரியும். குதித்துக் குதித்துக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் எல்லோரும் இடி விழுந்த மாதிரி நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்த வாரமே அம்மா அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கினாள். வீடு பிழைத்த சந்தோஷத்தில் எங்கோ கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, என் நல்ல கவுனை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் சட்டை ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தேன். அம்மா அதை எடுத்து வெளியே வைத்தாள். தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று நினைத்து மறுபடியும் உள்ளே வைத்தேன்.