முறைத் தண்ணீர்

என் அப்பாவின் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. சட்டை போடும்போது முதலில் அந்தக் கையை வலது கையால் தூக்கி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல, சட்டைக்குள் விடுவார். ஏழாவது படித்த காலத்தில் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவை மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். அந்தக் கையை அப்படி ஆக்கியவர் அவர்தான். கூடப்பிறந்தவர் இல்லை, அப்பாவுக்குப் பங்காளி முறை, வயதில் மூத்தவர். இரண்டு பேர் வயலும் ஒட்டினாற்போல இருந்தன. எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் வற்றிப்போன ஒரு வருடம், வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் வாய்ச்சண்டை வளர்ந்து, பெரியப்பா மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்துவிட்டார். தோள்பட்டை நொறுங்கியது. அப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். பெரியப்பா வேலூர் ஜெயிலில் ஐந்து வருடம் இருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நான் பன்னிரண்டாவது. உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். டீக்கடையில் டீ குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாராம். பஞ்சாயத்துத் தலைவர் சைக்கிளில் போனால்கூட எழுந்து நிற்பாராம். ஜெயில் பழக்கம் என்று ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கமாக இருக்கிறது. வக்கீல் செலவுக்காக அவர் நிலம் கைமாறிப் போயிருந்தது. பெரியம்மா நாற்று நட்டு, களை எடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பாவைக் கூலிக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. மண்வெட்டியை அவர் கையில் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். மதகைத் திறந்துவிட்ட பிறகு எவ்வளவு பெரிய நிலக்காரரானாலும் தன் வயலின் மடையைத் தானே தொடக் கூடாது. யாருக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் என்ற முறை உண்டு. நீர்க்கட்டிதான் திறப்பார், அவர்தான் அடைப்பார். அறுப்பு முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அந்த வருடம் பழைய நீர்க்கட்டி முட்டி வலியென்று ஒதுங்கிக்கொண்டார். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைப் பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டபோது, யாரோ பாதி கேலியாகப் பெரியப்பா பெயரைச் சொல்ல, அத்தனை பேரும் அப்பா முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அப்பா, ஒரு போகம் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றாராம். வீட்டில் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. அடித்தவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் நம் வாசல் வழியாகப் போவான், நான் கோலம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கணுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பெரியப்பாவுக்கு அந்த ஒரு போகம்தான் வாழ்வா சாவா. விடிவதற்குள் கரையில் நிற்பார், வெயில் ஏறியும் வீட்டுக்குப் போகமாட்டார். ஆனால் ஒரு தப்புச் செய்தார். எங்கள் வயலுக்கு முறையைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒவ்வொரு முறையும். கடைமடைக்காரர்களின் மண் வெடித்துக் கிடக்க, எங்கள் வயலில் தவளை கத்தியது. முதலில் எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. பட்ட அடிக்கு ஈடு வருகிறது, வரட்டுமே என்று நினைத்தேன். கடைமடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நீர்க்கட்டியை மாற்று என்று மறுபடி கூட்டம் போட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறவர் போல இருந்தது. அப்போது அப்பா எழுந்தார்.

"அன்னிக்கு முறை தப்பி மொதல்ல மடைய வெட்டனவன் நானு. அண்ணன் பயிரு காஞ்சிக்கினு கெடக்க, என் வயலுக்குத் திருப்பிக்கினேன். கோர்ட்டுல யாரும் கேக்கல, நானும் சொல்லல. அட்ச்சதுக்கு அவரு அஞ்சு வருசம் உள்ள இருந்துட்டு வந்துட்டாரு. நான் செஞ்சத இப்பதான் சொல்றேன்."

அப்பா பெரியப்பா பக்கம் திரும்பினார். ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேராக அவரிடம் பேசியது அன்றுதான்.

"எனக்கு முறைத் தண்ணி போதும்ணா. மேல வுட்டா, நீ இன்னும் உள்ளதான் கீறேன்னு அர்த்தம்."

பெரியப்பா நேராக வாய்க்காலுக்குப் போய் எங்கள் மடையை அடைத்தார். ஊர் அவரை மாற்றவில்லை. நான்தான் அன்றிரவு அழுதுகொண்டே கிடந்தேன். இத்தனை வருடம் ஒரு மனுஷனை ஒருதலையாகத் திட்டியிருக்கிறேனே என்று பெரியப்பாவுக்காக அழுதேனா, மறைத்து வைத்த அப்பா மேல் கோபத்தில் அழுதேனா, இன்றுவரை தெரியாது. அப்பாவை மன்னிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது, குடும்பச் சொத்து.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, நிலத்தையும் ஆள் விட்டுப் பார்க்கிறேன். பெரியப்பாதான் இப்போதும் நீர்க்கட்டி. இடுப்பு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை. இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. போன திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், பால் பிடிக்கிற நேரத்தில் என் பயிர் சுருண்டு நிற்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எனக்குத் திருப்பிவிடச் சொல்லி, அங்கே நின்ற பெரியப்பாவிடம் கெஞ்சினேன். மசியவில்லை. கடைசியில், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்: அப்பாவின் கையை நினைத்தாவது விடக் கூடாதா என்று.

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியப்பா முகம் மாறவில்லை. என்னை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார்.

"உங்கப்பன் இருந்தா, கேட்ட வாய்க்கு ரெண்டு போட்டு வூட்டுக்கு அனுப்சிருப்பான். உன் முறை வியாயக்கெழம. போம்மா, வேலையப் பாரு."

வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, தலை குனியாமல், முடியாது என்று சொல்கிறாரே! மனசு அப்படியே குளிர்ந்துபோனது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மடை திறந்தது. ஒன்பது அடித்ததும் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டுமே என்று ஆசைக்குக் கேட்டுப் பார்த்தேன். காது கேட்காதவர் போல அடுத்த வயலுக்கு நடந்துவிட்டார்.