உத்தமன் கொண்டுவந்த பாட்டு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் க்ளென் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு ஏழு பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிரார்த்தனை அல்ல. ராக், புளூஸ், சோல் என்று பழைய ஆங்கிலப் பாட்டுகள் கேட்கும் சபை அது. வாரம் ஒருவர் ஒரு பாட்டைக் கொண்டுவருவார். பாட்டின் பெயரையும் பாடியவரையும் முதலில் சொல்லக் கூடாது. பாட்டு முடிந்ததும் எந்த வருஷத்துப் பாட்டு, எந்த ஊர்ப் பாட்டு என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். பாட்டு நன்றாக இருந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வருஷம் தெரிந்த பிறகு அதற்கு என்ன அவசியம்? எழுபதுக்கு முந்தியது என்றால் தலையசைப்பார்கள். அறுபதுக்கு முந்தியது என்றால் எழுந்து நிற்பார்கள்.

வருஷம் சொல்வதில் மல்லேஸ்வரம் சாமிநாதனை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற என்ஜினியர். நோட்டும் பேனாவுமாக மெட்ரோ பிடித்து வருவார். அவர் சொன்ன வருஷம் தவறாக இருந்தால், இசைத்தட்டில் தவறாக அச்சாகியிருக்கிறது என்று சபை முடிவு செய்யும்.

உத்தமனுக்கு ஐம்பத்து நாலு வயது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். இரண்டு தெரு தள்ளி வீடு. பதினொரு வருஷமாகச் சபையில் இருக்கிறார். கதவோரம் உட்காருவார், ஸ்பீக்கர் ஒயர் கழன்றால் மாட்டிவிடுவார். அந்த அறையில் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது அவ்வளவுதான்.

இந்த மனிதர் எட்டு மாதமாக ரகசியமாக ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பாட்டு. எல்லோருடைய எலும்பையும் பார்த்த ஒருவன், தன் மனைவி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் இருப்பதைப் பற்றியது. மனைவி ஷோபாவுக்குப் பாடிக் காட்டினார். "நல்லா இருக்கு. பால் வாங்கியாங்க" என்றாள். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இது பாட்டா, இல்லையா? அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தன்னுடையது என்று சொன்னால் சிநேகிதர்கள் தோளில் தட்டிவிட்டு டீ குடிப்பார்கள். அதனால் தன் கிதாரை மீட்டிப் பாடிப் போனிலேயே பதிவு செய்து, பழைய இசைத்தட்டின் கரகரப்பைச் சேர்க்கும் ஒரு செயலியை அதன்மேல் ஓட்டினார். தன்னைப் பற்றிய உண்மையை அறியப் புறப்பட்டவர் முதலில் செய்த காரியம் ஒரு பொய். இது உத்தமனுக்கு மட்டும் உள்ள குறை என்று நான் நினைக்கவில்லை.

அவர் முறை வந்த ஞாயிறு யசோதாவுக்கு மூன்றாவது ஞாயிறு. புதிதாக வருபவர் மூன்று வாரம் உட்கார வேண்டும். அதன் பிறகு அவரைச் சேர்ப்பதா என்று சபை கை தூக்கும். யசோதா ஆனேக்கல் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். தையல் பிசகிய இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. எட்டு மணி நேரமும் காதில் பாட்டு ஓடும்.

உத்தமனின் பாட்டு மூன்றரை நிமிஷம் ஓடியது. சாமிநாதன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஐம்பத்திரெண்டு. அதுக்கு மேல போகாது. ஒத்தை மைக்கு. பாடினவன் ஜெயில்ல இருந்திருக்கணும்."

"ஜெயிலேதான் சார்" என்றார் க்ளென். "வெளிய இருக்கிறவனுக்கு அந்த வலி வராது. யாரு மச்சி இது? சொல்லு."

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று உத்தமன் ஒரு வாரமாகப் பயந்திருந்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு வலித்தது.

"பேர் தெரியல. ஒரே ஒரு தட்டுதான் போட்டாராம். செத்துட்டார்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். யசோதா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, கால் வலியா?" என்றார் சாமிநாதன்.

"இல்ல சார். பாட்டு சரியில்ல. கிதார்ல ரெண்டாவது கம்பி சுருதி இறங்கியிருக்கு. நடுவுல மூச்சு பத்தாம கடைசி வார்த்தைய முழுங்கிட்டாரு."

"அது குறையில்லேம்மா. அதுதான் புளூஸ்."

"முழுங்கிப் பாடுறவங்களையும் கேட்டிருக்கேன் சார். அவங்க வேணும்னு முழுங்குவாங்க. இவரு வேற வழியில்லாம முழுங்குறாரு."

"அய்யோ, இது சட்டை இல்லம்மா, ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு!" என்றார் க்ளென். அறை சிரித்தது.

குறை சொல்லப்பட்டால் பாட்டைக் கொண்டுவந்தவர் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் உத்தமனைப் பார்த்தார்கள். அந்தக் கம்பியின் முறுக்காணி நழுவுவது அவருக்குத் தெரியும். மூச்சு போன இடமும் தெரியும். எட்டு மாதமாக அவருக்குச் சந்தேகம் இருந்ததே அந்த இரண்டு இடத்தில்தான்.

"எனக்கென்ன தெரியும். சபை சொன்னா சரி."

யசோதா வேண்டாம் என்று ஆறு கைகள் உயர்ந்தன. உத்தமனின் கை தோள் வரை போய் நின்றது. அதையும் எண்ணிக்கொண்டார்கள். யசோதா பையை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று போய்விட்டாள்.

உத்தமன் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தார். மூச்சிரைத்தது. "அது நான் பாடினதும்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அத உள்ளயே சொல்றதுக்கென்ன? என்னைய வெளிய அனுப்பறப்ப சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"தப்புதான்."

"செத்தவர்னு நெனச்சு ரெண்டு குறைய சொல்லாம விட்டுட்டேன். உயிரோட இருக்கிறவருக்குன்னா சொல்லலாம்."

"சொல்லும்மா."

"இங்க மாட்டேன். அங்க வந்து சொல்லுங்க, யார் பாடினதுன்னு. அப்புறம் சொல்றேன்."

ஆனேக்கல் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுக்காகச் சபை எழுந்து நின்றதை உத்தமன் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். இனி அதற்காக யாரும் நிற்கப்போவதில்லை. திரும்பி நடந்தார்.

க்ளென் நம்பவில்லை. "நீயா? போடா." உத்தமன் க்ளெனின் கிதாரை எடுத்து முதல் வரியைப் பாடினார். அதே குரல். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாமிநாதன் நோட்டைத் திறந்து, எழுதிவைத்திருந்த ஐம்பத்திரெண்டைக் கோடிட்டு அடித்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். மூணாவது கம்பியும் கொஞ்சம்..."

"மூணாவது சரியாத்தான் இருக்கு சார்" என்றாள் யசோதா வாசலிலிருந்து.

"ஓய், பாட்டே சுமார்தான்" என்றார் சாமிநாதன். ஐந்து தலைகள் அசைந்தன. அரை மணி நேரத்துக்கு முன் எழுந்து நின்ற அதே ஐந்து.

உத்தமன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. "மிச்சம் ரெண்டு, சொல்லும்மா."

"மொத வரிய நாலு வாட்டி பாடறீங்க. ஒரு வாட்டி போதும்."

"அடுத்தது?"

"பாட்டு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சுங்க. அதுக்கப்புறம் ஒன்றரை நிமிஷம் பாட்டு இல்ல, நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

க்ளென் சிரித்தார். உத்தமன் சிரிக்கவில்லை. கிதாரைக் கீழே வைத்தார்.

"அப்ப மொத ரெண்டு நிமிஷம்?"

யசோதா கொஞ்சம் யோசித்தாள். "அதுவரைக்கும் பாட்டுதான்."